ஜி41 போர்டு எடுக்காத ரேம்

பழைய சிஸ்டத்துக்கு ரேம் வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது, "டிடிஆர் 2-ஆ, 3-ஆ?" ரேமின் தலைமுறை அது. அடுத்தது, "எத்தனை ஜிபி?" கொஞ்சம் விவரமான ஆளாக இருந்தால் "என்ன பஸ்?" என்று வேகத்தைப் பற்றி இன்னொன்றும் கேட்பார். இந்த மூன்றுக்கும் சரியாகப் பதில் சொல்லி, சரியான பொருளை வாங்கி வந்து, அது ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்த பிறகும் டிஸ்ப்ளே வராமல் போகலாம். ஏனென்றால் "என்ன போர்டு?", அதாவது எந்த மதர்போர்டு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 2008 முதல் 2011 வரை வாங்கிய டெஸ்க்டாப்பை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு மற்ற மூன்றையும் விட இந்தக் கேள்விதான் முக்கியம்.

கும்பகோணத்தில் என் அத்தான் டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். இன்டெல் ஜி41 சிப்செட் போர்டு (புராசசரையும் மற்ற பாகங்களையும் இணைக்கும் சிப்தான் சிப்செட்), கோர் 2 டுயோ இ7500 புராசசர், டிடிஆர்3 ரேம் 2 ஜிபி. "புதுசா ஒண்ணு வாங்கிடுங்களேன் அத்தான்" என்று சொல்வது சுலபம். ஆனால் அவருடைய பத்திரிகை மாதிரிகள் முழுக்க பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் கிடக்கின்றன. வேறு மென்பொருளில் திறந்தால் "திருவளர்ச்செல்வன்" கட்டமும் கோடுமாக வந்து நிற்பார். ஓடுகிற சிஸ்டத்தை எதற்குக் கலைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் உண்டு.

பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. வாடிக்கையாளர்கள் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்தார்கள். பேஜ்மேக்கர், போட்டோஷாப், கூடவே பிரவுசரில் வாட்ஸ்அப் என்று மூன்றும் திறந்தால் 2 ஜிபி மூச்சு வாங்கியது. கடைப் பையன் போய் தலா 4 ஜிபியாக இரண்டு செகண்ட் ஹேண்ட் ரேம் வாங்கி வந்தான். டிடிஆர்3, 1333 பஸ். கேட்டதெல்லாம் சரி. போட்டால் மின்விசிறி சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். திரை மட்டும் கறுப்பு.

"மாப்ள, டூப்ளிகேட் சரக்கைத் தலையில கட்டிட்டான் போல" என்று அத்தான் போன் செய்தார். விற்றவரைக் கேட்டால் "ரேம் நல்லாத்தான் இருக்கு, உங்க போர்டுதான் வீக்" என்கிறாராம். இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை என்பது பிறகு தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்ட வழிதான் மற்றவர்களுக்கும் உதவக்கூடியது.

நான் ஊருக்குப் போனபோது முதலில் செய்தது புது ரேமைத் தொடாமல் பழைய 2 ஜிபியைத் திரும்ப மாட்டியதுதான். பழையபடி ஓடுகிறதா என்று பார்க்காமல் மேலே போனால் எது கெட்டது, எது கெடவில்லை என்பதே குழம்பிவிடும். ரேம் மாற்றும்போது கை பட்டு ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிள் கழன்றிருக்கும், புராசசர் பவர் கேபிள் லேசாக நகர்ந்திருக்கும், பழி மட்டும் ரேம் மேல் விழும். பழைய ரேமோடு சிஸ்டம் எழுந்தது. அதே ரேமை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தேன், அங்கும் எழுந்தது. ஆக இரண்டு ஸ்லாட்டும் நல்ல ஸ்லாட்.

இங்கே ஒன்று. எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு அப்புறம்தான் ரேமில் கை வைக்க வேண்டும். சிஸ்டத்தை ஷட்டவுன் செய்தாலும் போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். சில போர்டுகளில் அதற்கென்றே ஒரு குட்டி விளக்கு எரியும். அந்த விளக்கு எரியும்போது ரேமைச் செருகி உருவினால் நல்ல ரேமும் கெட்டுப்போகலாம்.

அடுத்து சுத்தம். பழைய ரேமின் தங்க நிற விளிம்பில் கறுப்பாகப் படிந்திருப்பதை நம் சர்வீஸ்காரர்கள் "கார்பன்" என்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துணியால் துடைத்துவிட்டு மாட்டினால் பாதி 'டிஸ்ப்ளே வரலை' கேஸ்கள் அங்கேயே முடிந்துவிடும். உப்புத்தாள் கொண்டு தேய்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். முலாம் போய்விடும், வேண்டாம். ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழாமல் போர்டை விட்டுத் தள்ளி வைத்துத் தேய்க்க வேண்டும். ஸ்லாட்டுக்குள் தூசி இருந்தால் பெயின்ட் பிரஷ் போதும்.

சுத்தம் செய்தும் பலனில்லை. தேதியையும் அமைப்புகளையும் நினைவில் வைக்கும் சிமோஸ் பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டு மாட்டினேன். பழைய ரேமுக்கு ஏற்றபடி பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) ஏதாவது வேகம் பதிவாகியிருந்தால் அது அழியட்டும் என்றுதான். (இதைச் செய்தால் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். அதைச் சரிசெய்யாமல் பிரவுசரைத் திறந்தால் எல்லாத் தளமும் பாதுகாப்பு இல்லை என்று மிரட்டும். ரேம் மாற்றினதில் நெட் போய்விட்டது என்று என்னிடம் புலம்பியவர் ஒருவர் உண்டு.) இதற்கும் பலனில்லை.

அப்புறம் புது ரேமில் ஒன்றை மட்டும் தனியாகப் போட்டேன். இந்தமுறை திரை வந்தது. ஆனால் பயாஸ் காட்டியது 4 ஜிபி அல்ல, 2 ஜிபி. விண்டோஸ் லோகோ வரும் நேரத்தில் அப்படியே உறைந்தது. இன்னொன்றைத் தனியாகப் போட்டாலும் அதே கதை.

சந்தேகம் அந்தப் பாதிக் கணக்கில்தான் வந்தது. ரேம் கெட்டுப்போனால் கண்டபடி கெட்டுப்போகும். இரண்டு ரேமும் சொல்லிவைத்தாற்போல் சரிபாதியாகக் கெட்டுப்போகாது. கடையில் பில் போடும் இன்னொரு சிஸ்டம் இருந்தது. எச்61 போர்டு, இரண்டாம் தலைமுறை ஐ3. அதற்கும் டிடிஆர்3 தான். அதில் இரண்டையும் மாட்டினோம். முழுசாக 8 ஜிபி காட்டியது, விண்டோஸும் ஓடியது. ரேம் டூப்ளிகேட் இல்லை, போர்டும் வீக் இல்லை. இதை அது எடுக்காது, அவ்வளவுதான்.

ஏன் எடுக்காது என்பதற்கு ரேமைக் கையில் எடுத்து எண்ணிப் பார்க்க வேண்டும். பையன் வாங்கி வந்ததில் ஒரு பக்கம் மட்டும் 8 சிப். பின்பக்கம் மொட்டை. 4 ஜிபியை 8 சிப்புக்குப் பங்கிட்டால் ஒரு சிப்புக்கு அரை ஜிபி. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது 4 கிகாபிட். இதே 4 ஜிபி இரண்டு பக்கமும் எட்டெட்டாக 16 சிப் வைத்தும் வரும். அப்போது ஒரு சிப்புக்கு 2 கிகாபிட். மொத்தம் ஒன்றுதான். ஆனால் ஜி41 சிப்செட்டுக்கு 2 கிகாபிட் சிப் வரைதான் தெரியும்.

இதற்குள் நடப்பது சுவாரசியமானது. சிப்புக்குள் தகவல் வரிசை, நெடுவரிசை என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. எந்த வரிசை வேண்டும் என்று சொல்ல போர்டிலிருந்து ரேமுக்கு முகவரிக் கம்பிகள் போகின்றன. எட்டு பிட் அகலமுள்ள (ஒரே நேரத்தில் எட்டு பிட் தரும்) 2 கிகாபிட் டிடிஆர்3 சிப்பில் வரிசையைக் குறிக்க 15 பிட், நெடுவரிசைக்கு 10, பேங்க்குக்கு (இப்படிப்பட்ட கட்டங்களின் ஒரு தொகுதி) 3 வேண்டும். 4 கிகாபிட் சிப்பில் நெடுவரிசையும் பேங்க்கும் அதேதான், வரிசைக்கு மட்டும் 16 பிட். ஜி41 சிப்செட்டில் இருப்பதோ 15 முகவரிக் கம்பிகள். பதினாறாவது கம்பி இல்லாததால் சிப்பின் மறுபாதியைக் கூப்பிடவே அதற்கு வழியில்லை. 4 ஜிபி, 2 ஜிபியாகத் தெரிந்தது அதனால்தான். சில போர்டுகள் இப்படிப் பாதியாவது காட்டும், சிலது எழுந்திருக்கவே மறுக்கும்.

"பயாஸ் அப்டேட் பண்ணினா சரியாயிடும்" என்று இதற்கு ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். இல்லாத கம்பியை எந்த அப்டேட்டும் இழுத்துக் கொடுக்காது. புதிய போர்டுகளில் புது ரேமுக்கு பயாஸ் அப்டேட் உதவுவது உண்மை. ஆனால் இந்த வயதுப் போர்டில், அதுவும் யூபிஎஸ் இல்லாத கடையில், பயாஸை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உள்ளதும் போய்விடும்.

இந்தத் தடை கோர் 2 டுயோ காலத்தோடு கிட்டத்தட்ட முடிந்துபோனதற்கும் காரணம் உண்டு. அந்தக் காலத்து இன்டெல் சிஸ்டங்களில் ரேமை நிர்வகிக்கும் பகுதி மதர்போர்டின் சிப்செட்டில் இருந்தது. பிறகு வந்த கோர் ஐ வரிசையில் அது புராசசருக்குள்ளேயே போய்விட்டது. ஏஎம்டி இதை 2003இல் அத்லான் 64 வந்தபோதே செய்துவிட்டது. ஆகவே இரண்டாம் தலைமுறை ஐ3, ஐ5 வைத்திருப்பவர்கள் டிடிஆர்3 ரேமில் சிப் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

சிப்பை எண்ணாமலே தெரிந்துகொள்ள ஸ்டிக்கர் இருக்கிறது. எழுத்து பொடியாக இருக்கும். செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கலாம். பையன் வாங்கியதில் "4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3-10600யூ" என்று இருந்தது. இந்த ஒரு வரியில் தேவையான எல்லாமே இருக்கிறது. '1ஆர்' என்றால் ஒரே அடுக்கு, அதாவது ஒரு ரேங்க். 'எக்ஸ்8' என்பது ஒவ்வொரு சிப்பின் அகலம். ஜி41க்கு வேண்டியது "4ஜிபி 2ஆர்எக்ஸ்8", அதாவது எட்டெட்டு சிப்பாக இரண்டு ரேங்க். 10600 என்பது 1333 பஸ். 8500 என்றிருந்தால் 1066, 12800 என்றிருந்தால் 1600. கடைசியில் நிற்கும் 'யூ' சாதாரண டெஸ்க்டாப் ரேம் என்பதற்கு. லேப்டாப் ரேமில் அந்த இடத்தில் 'எஸ்' வரும். அங்கே 'ஆர்' இருந்தால் கிட்டேயே போகாதீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

கடைக்காரர்கள் தங்கள் வாரண்டி ஸ்டிக்கரைச் சரியாக இந்த வரியின் மேல் ஒட்டுவதற்கென்றே பயிற்சி எடுத்திருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அப்படி மறைந்திருந்தால் சிப்பின் முதுகிலேயே படிக்கலாம். சாம்சங் சிப்பில் கே4பி2ஜி0846 என்று தொடங்கினால் அந்த '2ஜி'தான் 2 கிகாபிட், '08' அகலம். கே4பி4ஜி என்று தொடங்கினால் 4 கிகாபிட். ஹைனிக்ஸ் சிப்பில் எச்5டிக்யூ2ஜி83 என்பது 2, எச்5டிக்யூ4ஜி83 என்பது 4. மைக்ரான் சிப்பில் 256எம்8 என்று வந்தால் 256ஐ எட்டால் பெருக்கி 2 கிகாபிட், 512எம்8 என்றால் 4. ஒருமுறை பழகிவிட்டால் கடை வாசலில் நின்றே சொல்லிவிடலாம். அலுமினியத் தகடு போர்த்திய கேமிங் ரேமில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. பழைய போர்டுக்கு அதை நான் எடுப்பதில்லை.

சென்னை திரும்பியதும் ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால் செகண்ட் ஹேண்ட் சாமான் விற்கும் சிறு கடைகள் நிறைய. ஒரு கடையில் "4 ஜிபி டிடிஆர்3" என்று ஆரம்பித்ததுமே அவர் தலை நிமிராமல் கேட்டார்:

"என்ன போர்டு சார்?"

"ஜி41."

"அப்போ பதினாறு சிப்புதான் சார். ஒரு சைடு சிப்பு போர்டு எடுக்காது."

இதைக் கேட்கிற கடைதான் நல்ல கடை. ஒரு டப்பாவில் கலந்து கிடந்ததிலிருந்து இரண்டு பக்கமும் சிப் உள்ளதாகப் பொறுக்கி வைத்தார். விலை ஒற்றைப் பக்க ரேமை விடக் கொஞ்சம் கூட. ஜி41காரர்கள் வேறு வழியில்லாமல் இதைத்தான் தேடி வருகிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வரி ஸ்டிக்கர் உள்ளதாகக் கேட்டு வாங்கினேன். வேறு வேறாக இருந்தாலும் பெரும்பாலும் ஓடும், ஆனால் தகராறு வந்தால் காரணம் தேடுவது இரட்டிப்பு வேலை.

"ரெண்டு பக்கம் சிப்" என்ற கடைப் பாஷையை மட்டும் நம்பியும் போகக் கூடாது. 8 ஜிபி டிடிஆர்3 ரேமிலும் இரண்டு பக்கம் சிப் இருக்கும். ஒவ்வொன்றும் 4 கிகாபிட். ஜி41க்கு அதுவும் ஆகாது. அந்தச் சிப்செட்டின் உச்சவரம்பே இரண்டு 4 ஜிபி, மொத்தம் 8. அதற்கு முந்தைய ஜி31 போர்டாக இருந்தால் மொத்தமே 4 ஜிபிதான், அதுவும் டிடிஆர்2. அதே டப்பாவில் 'எக்ஸ்4' என்று எழுதிய ரேமும் கண்ணில் படும். நான்கு பிட் அகல சிப் வைத்தது. இதில் நெடுவரிசைக்கு 10 பிட் போதாது, 11 வேண்டும். இன்டெல் டெஸ்க்டாப் போர்டுகள் இதை எடுக்காது. பழைய ஏஎம்டி போர்டுகள் பல எடுக்கும். ஆன்லைனில் "ஏஎம்டி போர்டுக்கு மட்டும்" என்ற சிறு எழுத்தோடு மலிவாக விற்கும் ரேம் பெரும்பாலும் இந்த ஜாதிதான்.

இதைவிட மோசமான மலிவு சர்வர் ரேம். கம்பெனிகள் பழைய சர்வர்களைக் கழிக்கும்போது 8 ஜிபி, 16 ஜிபி டிடிஆர்3 ரேம்கள் சந்தைக்கு வரும். பார்க்க அதே நீளம், அதே 240 பின், வெட்டுக்கூட அதே இடத்தில். ஸ்லாட்டில் அழகாக உட்காரும். ஆனால் ஸ்டிக்கரில் 'பிசி3-10600ஆர்' என்று இருக்கும். அதன் நடுவில் மற்ற சிப்புகளிலிருந்து வேறுபட்டு ஒரு சிப் இருப்பதைப் பார்க்கலாம், அதுதான் ரெஜிஸ்டர். சாதாரண டெஸ்க்டாப் போர்டு அதோடு பேசாது. அரை விலைக்குக் கிடைத்தது என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் கூப்பிட்டுச் சொல்லத் தோன்றும்.

ரிச்சி தெருவில் வாங்கும் செகண்ட் ஹேண்ட் ரேமுக்கு டெஸ்டிங் வாரண்டி என்று சில நாள் தருவார்கள். கடையில் போட்டு டிஸ்ப்ளே காட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். திரை வருவதற்கு ரேமின் ஓரத்தில் கொஞ்சம் வேலை செய்தாலே போதும். வீட்டில் மூன்றாம் தலைமுறை ஐ3 சிஸ்டம் இருந்ததால், பென்டிரைவில் மெம்டெஸ்ட்86+ ஏற்றி, ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே ராத்திரி ஓடவிட்டேன். இது விண்டோஸுக்கு வெளியே தானாகவே பூட் ஆகும் இலவச மென்பொருள். ரேம் முழுக்க எழுதி எழுதித் திருப்பிப் படித்துப் பார்க்கும். முதல் ரேம் சுத்தம். இரண்டாவதில் விடிந்து பார்த்தால் சிவப்பு வரிகள், எல்லாம் ஏறக்குறைய ஒரே முகவரியைச் சுற்றி. இதில் "ரெண்டே ரெண்டு எரர்தானே" என்ற சமாதானம் கிடையாது. ஒரு எரர் வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். அது என்றைக்கோ ஒரு நாள் பாதி அடித்த பத்திரிகையோடு நீலத்திரையில் நிற்கும், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் ஃபைலைக் கெடுத்து வைக்கும். இரண்டாவது வகைதான் பயங்கரம். திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டியதும் கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் வேறு கொடுத்தார். அதையும் சோதித்த பிறகுதான் கும்பகோணம் எடுத்துப்போனேன்.

ஜி41இல் இரண்டையும் போட்டதும் முதல் தடவையிலேயே 8 ஜிபி காட்டியது. அத்தான் முகத்தில் சிரிப்பு வந்தது, விண்டோஸ் வரும்வரை. விண்டோஸ் 7 உள்ளே போனால் 8 ஜிபி என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குள் பயன்படுத்தக்கூடியது மூன்றேகால் ஜிபி சொச்சம் என்கிறது.

இது ரேம் கோளாறே இல்லை. அங்கே இருந்தது 32 பிட் விண்டோஸ். அதன் எல்லை 4 ஜிபி; அதிலும் ஒரு பங்கு கிராபிக்ஸுக்கும் போர்டின் மற்ற சாதனங்களுக்கும் போய்விடும். நேர்மையாகச் சொன்னால், 32 பிட்டை விட்டு வரமுடியாது என்றிருப்பவர்கள் 2 ஜிபி ரேம் இரண்டு போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். இத்தனை அலைச்சல் வேண்டியதில்லை. ரேம் வாங்கும் முன்பே கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் விஷயம் இது. 64 பிட் இருந்தும் குறைவாகக் காட்டினால் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்களில் மேக்சிமம் மெமரி என்ற கட்டத்தில் யாராவது டிக் போட்டு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். "வேகம் கூட்டும் டிப்ஸ்" வீடியோ பார்த்து அதில் டிக் போட்டவர்கள் ஊரில் நிறைய.

அத்தானுக்கு 64 பிட் போவதில் ஒரே தயக்கம், கடையின் பழைய லேசர் பிரின்டர். அதற்கு 32 பிட் டிரைவர் மட்டும்தான் கைவசம். ஆகவே பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே விட்டுவிட்டு, புதிதாகச் சின்ன எஸ்எஸ்டி (சுற்றும் தகடு இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கி, அதில் 64 பிட் விண்டோஸ் 10 போட்டோம். பேஜ்மேக்கர் அதில் ஓடியது, எழுத்துருக்களும் வந்துவிட்டன. பழைய பிரின்டரில்தான் எடுக்க வேண்டும் என்ற வேலைக்கு மட்டும் பழைய டிஸ்க்கில் பூட் செய்துகொள்வது.

எல்லாம் முடிந்த பிறகு கடைப் பையன், சிஸ்டத்தின் உள் விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, 1333ன்னு கொடுத்தாங்க, இதுல 533ன்னு காட்டுது, ஏமாத்திட்டாங்க" என்றான். இந்தப் பயம் நிறையப் பேருக்கு வருவது. டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் அனுப்பும். சிபியு-இசட் காட்டுவது துடிப்பின் எண்ணிக்கை. கடையில் சொல்வது அதன் இரட்டிப்பு. 533 என்றால் 1066. அப்படியானால் 1333 எங்கே போயிற்று? இ7500இன் பஸ் 1066, அந்தச் சிப்செட்டும் ரேமை அதே வேகத்தில்தான் ஓட்டுகிறது. ரேம் அதைவிட வேகமாக ஓடக்கூடியது என்றால் இறங்கி வந்து ஓடும், அதில் தவறில்லை. 1600 பஸ் கிடைத்தாலும் எடுக்கலாம். வேகம் என்றைக்கும் இந்தப் போர்டுகளில் தடையாக இருந்ததில்லை, சிப்பின் அளவுதான்.

லேப்டாப் விஷயத்தில் தடை வேறு மாதிரி. அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் நான்காம் தலைமுறை ஐ3 லேப்டாப் வைத்திருந்தாள். காலியாக இருந்த ஸ்லாட்டில் யாரோ கொடுத்த 4 ஜிபி டிடிஆர்3 ரேமைப் போட்டால் திரை வரவில்லை, எடுத்துவிட்டால் வருகிறது. ஸ்டிக்கரில் "பிசி3-12800எஸ்" என்று இருந்தது. அந்த லேப்டாப்புக்கு வேண்டியது "பிசி3எல்-12800எஸ்". இடையில் உள்ள 'எல்'தான் விவகாரம். சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட், எல் வகை 1.35 வோல்ட். நான்காம் தலைமுறை லேப்டாப்புகள் 1.35 மட்டுமே கொடுப்பவை. மறுபக்கம் எல் வகை ரேம் 1.5 வோல்ட்டிலும் ஓடும் என்பதால், பழைய லேப்டாப்புக்கு எது வாங்குவது என்ற குழப்பம் வந்தால் எல் போட்டதை எடுப்பது பாதுகாப்பு. டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டுக்கும் இடையில் இந்தக் கவலை இல்லை. வெட்டு இடம் மாறியிருப்பதால் உட்காரவே உட்காராது. உட்காராத ரேமை அழுத்தி உட்கார வைத்து ஸ்லாட்டை உடைத்த கதை தனி.

ரேம், போர்டு இரண்டில் எது என்றே தெரியாமல் முழித்தால் இன்னொரு சோதனை இருக்கிறது. ரேம் அத்தனையையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். போர்டில் குட்டி ஸ்பீக்கர் இருந்தால் பீப் பீப் என்று கத்த வேண்டும். கத்தினால் புராசசரும் போர்டும் உயிரோடு இருக்கின்றன, ரேமைத்தான் தேடுகின்றன. ரேமே இல்லாமலும் மௌனமாக இருந்தால் ரேம் வாங்கக் கிளம்பாதீர்கள். பிரச்சினை எஸ்எம்பிஎஸ், புராசசர், போர்டு மூன்றில் ஒன்றில். கேபினெட்டில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் அதற்கென்று விற்கும் சின்ன ஸ்பீக்கரை வாங்கி போர்டில் ஸ்பீக்கர் என்று எழுதிய பின்களில் செருகினால் போதும், டீக் காசுதான்.

இத்தனைக்கும் தகுமா என்று கேட்டால், அத்தான் சிஸ்டத்தில் கண்ணுக்குத் தெரிந்த வேகம் எஸ்எஸ்டியால் வந்தது. ரேம் செய்தது, மூன்று மென்பொருள் திறந்தாலும் திணறாமல் பார்த்துக்கொண்டது. கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும், ரேம் 4 ஜிபி ஏற்கெனவே இருக்கிறது என்றால் நான் எஸ்எஸ்டியைத்தான் சொல்வேன். 2 ஜிபியில் நிற்பவர்களுக்கு ரேம் முதலில்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து பாப்கவுன்ட் என்ற கட்டளையைப் புராசசர் அறிந்திருக்க வேண்டும். கோர் 2 டுயோவுக்கு அது தெரியாது. குறுக்கு வழியில் நிறுவினாலும் பூட் ஆகாது. நெட் வேலைக்கு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம், 8 ஜிபிக்கு அது தாராளமாக ஓடும். அத்தான் கடையில் நெட் கேபிளைப் பில் போடும் எச்61 சிஸ்டத்துக்கு மாற்றிவிட்டோம். பையன் முதலில் வாங்கிய ஒற்றைப் பக்க ரேம் இரண்டும் அதில்தான் ஓடுகின்றன. வாட்ஸ்அப் போட்டோ அங்கே இறங்கி பென்டிரைவில் இங்கே வருகிறது. அதை ஏற்றுமுன் வைரஸ் ஸ்கேன் செய்யச் சொல்லி போர்டு எழுதி ஒட்டியிருக்கிறார் அத்தான், பேஜ்மேக்கரில் அடித்து.